செர்மாட் கல்லறைகள் கற்பிக்கும் பாடம்

இறந்தோர் உறங்கும் இடத்திற்குச் செல்வோருள் பலர் பெயர்களைப் படித்து, பெருமூச்செறிந்து திரும்புவர். சிலரே, 'இவர் ஏன் இறந்தார்? அவ்விறப்பு வாழ்வார்க்கு எதனை உணர்த்துகிறது?' என்று கேட்பர். இவ்வினாவைக் கேட்பதற்கேற்ற இடம் ஒன்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இடம்

சுவிட்சர்லாந்து நாட்டின் தென்பகுதியில், வலே மாகாணத்தில், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்த மலையூர் செர்மாட். அதற்கு மேலே 4,478 மீட்டர் உயரமுடைய மாட்டர்ஹார்ன் சிகரம் கூர்மையாக எழுந்து நிற்கிறது. ஊர் ஆலயத்தின் அருகே மலையேறிகளுக்குரிய கல்லறைத் தோட்டம் உள்ளது. பல நாட்டினர் அங்கே அடுத்தடுத்து உறங்குகின்றனர். அவருள் இளைஞர் பலர். மாட்டர்ஹார்னில் மட்டும் 1865ஆம் ஆண்டு முதல் 500க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்துள்ளனர். அவருள் முதல்வர் நால்வரின் வரலாறே இத்தோட்டத்தைப் புரிந்துகொள்வதற்குத் திறவுகோலாகும்.

நிகழ்ந்தது

1865ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் எழுவர் அச்சிகரத்தை முதன்முதலாக அடைந்தனர். எட்வர்ட் விம்பர், பாதிரியார் சார்லஸ் ஹட்சன், 19 வயதினரான டக்ளஸ் ஹாடோ, 18 வயதினரான பிரான்சிஸ் டக்ளஸ் பிரபு ஆகிய நால்வரும் பிரித்தானியர். மிஷெல் க்ரோ என்பார் பிரான்சு நாட்டு வழிகாட்டி. பீட்டர் டௌக்வால்டர் என்னும் ஒரே பெயருடைய தந்தையும் மகனும் செர்மாட் ஊர் வழிகாட்டிகள்.

இறங்கும்போது க்ரோ முன்னே சென்றார். அவருக்குப் பின் ஹாடோ, ஹட்சன், டக்ளஸ், தந்தை டௌக்வால்டர், விம்பர், மகன் டௌக்வால்டர் என்னும் வரிசையில் அனைவரும் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தனர். தடுமாறிய ஹாடோவின் கால்களை ஒவ்வொன்றாகப் பற்றிப் பாறையில் பதியவைப்பதற்காக, க்ரோ தம் கோடரியை ஒருபுறம் வைத்தார் என விம்பர் எழுதியுள்ளார். அவர் மீண்டும் கீழ்நோக்கித் திரும்பும் தறுவாயில் ஹாடோ வழுக்கி அவர்மீது விழுந்தார். அவ்விருவரின் பாரம் ஹட்சனையும் டக்ளசையும் இழுத்தது. டக்ளசுக்கும் தந்தை டௌக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வரும் ஏறத்தாழ 1,200 மீட்டர் கீழே பனியாற்றில் வீழ்ந்தனர், மூவர் எஞ்சினர்.

காரணங்கள்

இத்துயருக்குக் காரணம் யாது? 'ஹாடோவின் கால் வழுக்கியது' என்பது எளிய விடை. ஆயினும் அது முழு விடை ஆகாது. ஆல்ப்ஸ் மலையில் ஹாடோவுக்கு அதுவே முதற்பருவம். சில நாள் முன்னர் அவர் மோன் பிளாங்க் சிகரத்தை விரைந்து ஏறியிருந்தமையால், ஹட்சன் அவரைத் தகுதியுடையார் என்று கருதினார். தனித்தனியே புறப்படவிருந்த குழுக்கள் புறப்பாட்டிற்கு முன்னாள்தான் ஒன்றாயின. கடினமான இடத்தில் பாறையில் கயிறு கட்டி இறங்கலாம் என விம்பர் கூறியும் அது செய்யப்படவில்லை. உடன் கொண்டுசென்ற மூவகைக் கயிறுகளுள் மிக மெலிந்ததே டக்ளசுக்கும் டௌக்வால்டருக்கும் இடையே இருந்தது. இவற்றுள் ஒன்று மாறியிருப்பினும் முடிவு வேறாகியிருக்கலாம். பெருங்கேடு ஒரு காரணத்தால் விளைவதன்று. சிறு காரணங்கள் பல கூடியவழியே அது பிறக்கிறது.

பழி

மனிதமனமோ பல காரணங்களைத் தாங்காது; ஒருவரைச் சுட்டவே விரும்பும். தம் உயிரைக் காக்கத் தந்தை டௌக்வால்டர் கயிற்றை அறுத்தார் என்னும் பேச்சு பரவியது. அது பொய் என்று விம்பர் மறுத்தார். ஆயினும் மெல்லிய கயிற்றை அவர் வேண்டுமென்றே தேர்ந்திருக்கலாம் என்னும் ஐயத்தையும் அவரே எழுப்பினார். அவ்வாண்டே நடந்த விசாரணை டௌக்வால்டரைக் குற்றவாளி என்று கூறவில்லை. எனினும் அவ்விசாரணைப் பதிவுகள் 1920ஆம் ஆண்டுவரை உலகறிய வெளிவரவில்லை. அவரோ 1888ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். மலையில் வீழ்ந்தோர் நால்வர். ஊரார் சொல்லில் வீழ்ந்தவர் ஒருவர். அறுந்த கயிறு இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதனைக் காண்போர் அதன் மெலிவை மட்டும் நோக்காது, ஆராயாமல் கூறும் சொல்லின் வலிமையையும் நினைத்தல் வேண்டும்.

பனி திருப்பித் தருபவை

க்ரோவும் ஹாடோவும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயினர். டக்ளசின் கையுறை, இடைவார், காலணி ஆகியவை கிடைத்தன. உடல் இன்றுவரை கிடைத்திலது. கல்லறை இல்லாமலே மறைந்தோர் இவ்வாறு பலர். வெப்பம் மிகுந்து பனியாறுகள் சுருங்கிவரும் இக்காலத்தில், அவருள் சிலர் வெளிப்படுகின்றனர். 1970ஆம் ஆண்டு மாட்டர்ஹார்னில் காணாமற்போன ஜப்பானிய இளைஞர் இருவரின் எச்சங்கள் 2014ஆம் ஆண்டு கிடைத்தன. மறு ஆண்டு மரபணுச் சோதனையால் அவர்கள் இன்னார் என்று தெளிந்தது. 1986ஆம் ஆண்டு மறைந்த ஜெர்மானியர் ஒருவர் 2023ஆம் ஆண்டு செர்மாட்டை அடுத்த தியோடுல் பனியாற்றில் கண்டெடுக்கப்பட்டார். நடந்து சென்றோர் கண்ணில் முதலில் பட்டவை ஒரு காலணியும் அதன் இரும்பு முட்களுமே. பல்லாண்டு காத்திருந்த உறவினர்க்கு அவ்வெச்சங்கள் துயரத்தையும் ஆறுதலையும் ஒருங்கே தந்திருக்கும். நிலையானது எனத் தோன்றிய பனியும் உருகுகிறது. மனிதர் அதனினும் விரைவாகக் கரைவது வியப்பன்று.

பெறும் பயன்

இக்கல்லறைகள் மலையேற வேண்டா என்று கூறவில்லை. விபத்து நிகழ்ந்த மூன்றாம் நாளே வேறொரு குழு இத்தாலியப் பக்கத்திலிருந்து அச்சிகரத்தை அடைந்தது. ஏறுவோர் இன்றும் உளர். அவை கூறுவன மூன்று. ஒருவர் தளர்ச்சி உடன் பிணைக்கப்பட்டோர் அனைவரையும் தொடும். ஆதலின் உடன்வருவோர் ஆற்றலை அறிந்து அடியெடுத்து வைத்தல் வேண்டும். வெற்றி பெற்றபின் இறங்கும் வழியிலேயே விழிப்பு மிகுதியும் தேவை. கேடு நேர்ந்தபின் பழி கூறுவதற்குமுன் காரணங்களை எண்ணுதல் வேண்டும். இன்னொருவர் கால் வழுக்காதிருக்கத் தம் கோடரியைக் கீழே வைத்த வழிகாட்டியின் கல்லறைமுன் இம்மூன்றையும் எண்ணி நிற்பவர், பெயர்களை மட்டும் படித்துத் திரும்பியவர் ஆகார்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. எழுவர்க்கும் நேர்ந்த துன்பத்தின் காரணங்களை வரிசைப்படுத்துக. அவற்றுள் தவிர்க்கக்கூடியவை எவை?

2. தந்தை டௌக்வால்டர்மீது பழி நிலைத்தமைக்கு ஏது யாது?

3. நம்முடன் ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டவர்போல் வாழ்வோர் யாவர்? அவர்பால் நம் கடமை என்ன?