புழக்கடையில் ஒரு தறிக்கூடம்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)



தறிக்குத் தனியிடம் வேண்டும் என்பதை நெசவாளர் எவரும் மறுக்கமாட்டார். இருந்தும் நம்மிற் பலருடைய தறி, அடுப்புப் புகைக்கும் குழந்தைகளின் படுக்கைக்கும் நடுவிலேயே இயங்கி வருகிறது. காரணம் கேட்டால், "கூடம் கட்டப் பணம் எங்கே?" என்பதே விடை. இவ்விடை முழுவதும் சரியன்று. ஒரு தறிக்கூடத்தின் செலவில் ஒரு பகுதி பணம். மற்றொரு பகுதி உழைப்பு. எது பணத்தால் ஆவது, எது கையால் ஆவது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கையால் ஆவதை நண்பர்களோடு பகிர்ந்து கொள்ள வேண்டும். அவ்வுழைப்புக்குப் பணத்தைப் போலவே கணக்கு வைக்கவும் வேண்டும். இம்மூன்றையுமே இப்பாடம் கூறுகிறது.

1. தரைமட்டம்

யான் காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரில் குழித்தறி நெய்பவன். 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பெருமழையில் என் தறிக்குழி கிணறு போல் ஊறி நிறைந்தது. இறைக்க இறைக்க நீர் வந்தது. பதினெட்டு நாள் தறி நின்றது. பாதி நெய்த பாவு பூஞ்சை பூத்தது. சங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய சேலையும் தவறியது. வீட்டில் அரிசிக்குக் கடனும் ஏற்பட்டது.

இதிலிருந்து கற்ற விதி ஒன்றே: தறிக்குழியின் அடி, மழைநீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். குழி இரண்டடி ஆழமாயின், கூடத்தின் தரை நிலமட்டத்தினின்றும் இரண்டரை அடி உயரவேண்டும். பெருமழையில் உங்கள் புழக்கடையில் நீர் எதுவரை நின்றது என்பதைச் சுவரிலுள்ள கறையே காட்டும். அதை அளந்த பிறகே கயிறு பிடித்து அடையாளம் போடுங்கள்.

ஒரு தறிக்கு உட்புறம் 18 அடி நீளமும் 12 அடி அகலமும் போதுமானவை. பாவை நீட்டிக் கட்டவும், ஒரு மூலையில் தார் சுற்றவும் இடம் இருக்கும். இரண்டரை அடி உயர்த்த 540 கன அடி மண் வேண்டும். இடித்தால் இறுகுமாதலால் ஏறத்தாழ ஏழு யூனிட் கொண்டுவர வேண்டியிருக்கும். செம்மண் கலந்த கிராவல் நன்று. கரிசல் மண்ணை நிரப்பலாகாது; அது நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அரையடி கனத்துக்கு ஒருமுறை நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து ஐந்து அடுக்காக ஏற்றவேண்டும். ஒரே நாளில் கொட்டி மேலே மட்டும் தட்டினால், அடுத்த ஆண்டே தரை அமுங்கித் தறி சாயும்.

கூடத்தைக் காக்கும் இவ்வேலைக்குத்தான் பணம் மிகக் குறைவாகவும் கை மிக அதிகமாகவும் தேவைப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். உழவரான அங்கத்தினர் வண்டியும் மண்வெட்டியும் தந்தால், இப்பகுதியில் பணம் தொடுவது மண்ணின் விலையை மட்டுமே.

2. சுவர்

கடைக்காலைக் கெட்டி மண் கிடைக்கும் வரை தோண்டவேண்டும். நிலம் கரிசலாயின் அனுபவமுள்ள கொத்தனாரையோ பொறியாளரையோ கலந்தே தொடங்குக. தளமட்டம் வரை சுவர் கெட்டியாக இருக்கவேண்டும். அதன்மேல் நிலத்தின் ஈரம் ஏறாதபடி சிமெண்டுச் சாந்து ஒரு பட்டை போடவேண்டும்.

அதற்கு மேல் சிக்கனத்துக்கு வழியுண்டு. இங்கிலாந்தில் 1917ஆம் ஆண்டு பிறந்து, பின்னர் இந்தியக் குடிமகனாகித் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007ஆம் ஆண்டு மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், 'எலிப்பொறிக் கட்டு' என்னும் முறையைக் கேரளத்தில் பரப்பினார். செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது இது. சுவரின் கனம் ஒன்பது அங்குலமே. ஆயினும் செங்கல்லில் காற்பங்கு மிச்சமாகும். உள்ளே நிற்கும் காற்று வெயிலின் சூட்டையும் தணிக்கும்.

நாம் கூறிய கூடத்துக்கு எட்டடி உயரச் சுவரும் இரு பக்க முக்கோணச் சுவரும் சேர்த்து, வாயில், சன்னல் கழித்து, ஏறத்தாழ 480 சதுர அடி வரும். ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குல அளவுள்ள கல்லாயின், வழக்கமான கட்டுக்கு 4,800 கல்லும், எலிப்பொறிக் கட்டுக்கு 3,600 கல்லும் பிடிக்கும். 1,200 கல் மிச்சம்! ஆனால் கல் ஒரே அளவாகவும் விளிம்பு உடையாமலும் இருக்கவேண்டும். சூளையில் நாமே நின்று பொறுக்கி எடுப்பது நலம்.

3. கூரையும் வெளிச்சமும்

தகரக் கூரை மலிவு என்று சிலர் கூறுவர். கோடையில் அதன்கீழ் காற்று உலர்ந்து கொதிக்கும். பருத்திப் பாவு அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இழைகளை முடிவதில் போகும் நேரமும் செலவுதானே? ஓட்டுக் கூரையே ஏற்றது. பன்னிரண்டடி அகலத்துக்கு நடுவில் மூன்றரை அடி உயர்த்தினால் மங்களூர் ஓட்டுக்கு வேண்டிய சரிவு கிடைக்கும். முகட்டின்கீழ் பதினோரடிக்கு மேல் உயரம் வருவதால், ஜக்கார்டுப் பெட்டி ஏற்றுவோர் தறியை அங்கே அமைக்கலாம்.

பனங்கைகளைப் புதிதாகத் தேடவேண்டாம். பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. பழைய வீடுகளைப் பிரிக்கும் இடங்களில் வைரம் பாய்ந்த பனங்கைகளும் நல்ல ஓடுகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. தட்டிப் பார்த்து, செல் அரிக்காதவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

சன்னல்களை வடபுறம் வையுங்கள். வடக்கு வெளிச்சம் நிழல் மாறாதது. சாயத்தின் நிறம் காண உகந்தது. ஆயினும் சித்திரை முதல் ஆடி வரை நண்பகற் கதிரவன் நம் தலைக்கு வடக்கே செல்வதால், அப்புறம் இரண்டடி இறவாரம் விடவேண்டும். மேற்குச் சுவரில் திறப்பு வேண்டாம்.

4. யார் எதைச் செய்வது?

சுவர் எழுப்புதல், கூரைச் சட்டம் ஏற்றுதல், மின்கம்பி இழுத்தல் ஆகிய மூன்றும் தொழில் கற்றவர்க்கு உரியவை. அவர்களுக்குக் கூலி கொடுத்தே தீரவேண்டும். நட்பைக் காட்டி இவற்றில் மிச்சம் பிடிக்க முயல்வது ஆபத்து. கடைக்கால் தோண்டுதல், மண் நிரப்புதல், கல் சுமத்தல், ஓடு கை மாற்றுதல், தரை மெழுகுதல், சுண்ணாம்பு அடித்தல் ஆகியவை நண்பர்களால் ஆகும்.

அழைக்கும் நாளும் முக்கியம். அறுவடைக் காலத்தில் உழவரையும், தீபாவளிக்கு முந்திய மாதங்களில் நெசவாளரையும் அழைப்பது அவர்கள் வயிற்றில் கை வைப்பதாகும். மாசியும் பங்குனியும் எங்கள் ஊருக்கு ஏற்றவையாயின; உங்கள் ஊர் வழக்கம் நோக்கி முடிவு செய்க.

5. உழைப்புக் கணக்கு

இனி யான் செய்த பிழையைக் கூறுகிறேன். என் கூடம் 2016ஆம் ஆண்டு கோடையில் ஐந்து நண்பர்களின் உதவியால் எழுந்தது. கொத்தனார் கூலியையும் செங்கல் விலையையும் காசு பிசகாமல் எழுதி வைத்தேன். நண்பர்கள் உழைத்த நாட்களை எழுதவில்லை. நட்புக்குக் கணக்கு எதற்கு என்று எண்ணினேன்.

அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலில் அவர்களுள் மூத்தவராகிய ஓர் உழவரின் மாட்டுக்கொட்டகை சரிந்தது. ஒவ்வொருவரும் மற்றவர் போவார் என்று இருந்துவிட்டோம். யான் ஒருநாள் மட்டும் சென்று திரும்பினேன். அவரும் மனைவியாருமே கொட்டகையை நிமிர்த்தினார்கள். அவர் ஒன்றும் கூறவில்லை. ஆனால் என் திண்ணைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

பொங்கலன்று நேரிற் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அண்ணா, நீங்கள் எனக்காக ஏழு நாள் உழைத்தீர்கள்" என்றேன். உள்ளிருந்து அவர் மனைவியார், "பதினோரு நாள்" என்றார். அதன்பின் அண்ணன் கூறியது: "தம்பி, கொத்தனார் நாளை எழுதினாய். எழுதாமல் விட்டது என் நாளைத்தான்." எனக்கு விடை இல்லை.

திருமண வீட்டில் மொய் எழுதுகிறோம். எழுதுவதால் உறவு முறிவதில்லை. திருப்பிச் செய்யவேண்டிய முறை மறவாமல் இருக்கிறது. உழைப்புக்கும் அதுவே பொருந்தும். இங்கிலாந்தின் ராக்டேல் நகரில், நெசவாளர் பலர் அடங்கிய 28 பேர் வாரந்தோறும் சில பென்னிகள் சேர்த்து 1844 டிசம்பர் 21 அன்று ஒரு சிறு கடை திறந்தனர். கூட்டுறவு இயக்கம் தன் முன்னோடியாகப் போற்றும் அக்கடை, சிறு தொகைகளையும் பெயர் பெயராகப் பதிந்த கணக்கின்மேல் நின்றது.

அண்ணனுக்குரிய பத்து நாளையும் அவ்வாண்டு உழவிலும் களையிலும் தீர்த்தேன். பிறகு நாங்கள் அறுவரும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கி, பின்வரும் விதிகளை வகுத்துக்கொண்டோம்:

(அ) அரை நாளே கணக்கின் சிறிய அளவு. அன்று மாலையே எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

(ஆ) மண் சுமந்த பெண்டிரின் நாளும், அனைவர்க்கும் சமைத்த நாளும் ஆண்களின் நாளுக்குச் சமமாக எழுதப்படும்.

(இ) ஓராண்டுக்குள் நாளைத் திருப்ப வேண்டும். உடல் இயலாதவர் தார் சுற்றியோ, வண்டி கொடுத்தோ ஈடு செய்யலாம்.

(ஈ) புயல், தீ, நோய் ஆகிய இடர்களில், நாள் கடன்பட்டவர் அழைப்புக்குக் காத்திராமல் முதலிற் செல்லவேண்டும்.

(உ) மாதம் ஒருமுறை புத்தகம் அனைவர் முன்னும் வாசிக்கப்படும்.

2021ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் பெருமழை பெய்தது. புழக்கடையில் முழங்காலளவு நீர் நின்றது, தறிக்குழி உலர்ந்திருந்தது. அதே வாரம் எங்களுள் ஒருவர் வீட்டுச் சுவர் இடிந்தது. புத்தகத்தைப் பார்த்து, கடன்பட்ட மூவர் மறுநாள் காலையிலேயே அங்கே நின்றனர். அம்மூவரில் யானும் ஒருவன்.

விவாதத்துக்குரிய வினாக்கள்

1. உங்கள் தறிக்குழியின் அடி, 2015 அல்லது 2021 மழையில் நின்ற நீர்மட்டத்துக்கு மேலா, கீழா? அளந்து வந்து கூறுக.

2. கூடம் கட்டும் வேலைகளுள் உங்கள் தெருவார் கையால் ஆகக்கூடியவை எவை? கூலிக்கே விடவேண்டியவை எவை?

3. கடந்த ஓராண்டில் உங்களுக்காகக் கூலியின்றி உழைத்தவர் யாவர்? எத்தனை நாள்? வீட்டாரையும் கேட்டு எழுதுக.