கொல்லிமலைப் புலமை மரபில் புரவலனின் இடமாற்றம்: இடைக்கால ஆங்கில இலக்கியத்தோடு ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வள்ளலைப் பாடிய வாய்மொழி மரபு சமய இலக்கியமாக வளர்ந்தபோது புரவலன் மறைந்துவிடவில்லை. பாடலுக்குள் அவன் நின்ற இடமே மாறியது. இக்கருதுகோளைக் கொல்லிமலை சார்ந்த தமிழ் இலக்கியங்களின்வழி ஆராய்ந்து, இடைக்கால ஆங்கில இலக்கியத்தோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை சங்ககாலம் முதல் சிற்றிலக்கியக் காலம் வரை பாடல்களில் இடம்பெற்றுள்ளது. எனவே பாடுவோன், பாடப்படுவோன் ஆகிய இருவரின் உறவு மாறிய முறையை ஒரே நிலத்தில் வைத்துக் காண இயலும். சதகம் பெரும்பாலும் நீதித் தொகுப்பாகவே படிக்கப்படுகிறது. புரவலர் மரபின் வளர்ச்சியில் அதற்குரிய இடம் போதிய கவனம் பெறவில்லை.

கோ என்னும் சொல்

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். வன்பரணரின் புறநானூற்றுப் பாடல் (152) அவனை வேட்டுவனாகக் காட்டுகிறது. பாணர் கூட்டம் பாடி முடித்துக் 'கோ' என விளித்ததும், அது தன் பெயராதலின் அவன் நாணுகிறான். பின் ஊனும் தேனும் பொன்னும் மணியும் வழங்குகிறான். கழைதின் யானையாரோ (204) ஈயென இரத்தலின் இழிவையும் ஈயேன் எனலின் அதனினும் பெரிய இழிவையும் ஓரியிடமே நேர்நின்று உரைக்கிறார். இவ்விரு பாடல்களிலும் புரவலன் புலவனின் எதிரே நிற்கும் மனிதன்.

அரசனைக் குறித்த 'இறைவன்' என்னும் சொல்லும், அரண்மனையைக் குறித்த 'கோயில்' என்னும் சொல்லும் பிற்காலத்தில் தெய்வத்திற்கும் அதன் இல்லத்திற்கும் உரியவாயின.

ஆங்கில மரபில் ஒப்புமை

இச்சொற்பெயர்ச்சிக்கு இணையானது பழைய ஆங்கிலத்தில் உண்டு. 'ட்ரிஹ்டன்' என்பது படைத்தலைவனையும் மன்னனையும் குறித்த சொல். பியோவுல்ஃப் காப்பியம் இதனை மன்னர்க்கும் கடவுளுக்கும் ஒருங்கே வழங்குகிறது. பீட் 731இல் முடித்த திருச்சபை வரலாற்றில் இடம்பெறும் கேட்மன் என்னும் பாடகரின் துதிப்பாடலில், தலைவனுக்கும் காவலனுக்கும் உரிய சொற்கள் படைப்புக் கடவுளைச் சுட்டுகின்றன.

வேறுபாடும் நோக்கத்தக்கது. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டைச் சார்ந்த ஒரே சுவடியில் எஞ்சிய பியோவுல்ஃபில் கிறித்தவச் சிந்தனை கதையோடு பின்னிக் கிடக்கிறது. புறநானூற்றிலோ பாரதம் பாடிய பெருந்தேவனாரின் கடவுள் வாழ்த்து நூலின் முகப்பில் தனித்து நிற்கிறது. ஆதலின் ஓரியின் நாணம் சமய விளக்கம் பெறாமல் நமக்குக் கிடைக்கிறது.

காவலனே பாடுநனாதல்

காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தி அகநானூற்றில் (209) உள்ளது. பின்னர்ப் பெருமாள் திருமொழியில் குலசேகராழ்வார் தம்மைக் கொல்லி காவலன் என்கிறார். முன்னர்ப் பாடப்பட்ட காவலன் இங்குப் பாடுவோனாகி, தானே இறைவன்முன் இரவலனாகிறான். அப்பரின் திருத்தாண்டகத்தில் கொல்லி அறைப்பள்ளி என்னும் தலமாகவும் போற்றப்படுகிறது.

சதகத்தில் புரவலன்

18ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகத்தில் விளி இறைவனுக்குரியது. புரவலனாகிய மதவேள், அவ்விறைவனை நாள்தோறும் நினைப்பவனாகப் பாடலின் இறுதித் தொடரில் இடம்பெறுகிறான். பாடல்தோறும் அவன் பெயர் உண்டு. ஆயின் அவனிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. இதனோடு சாசரின் 'கோமாட்டியின் நூல்' ஒப்பிடத்தக்கது. 1368இல் இறந்த பிளான்ச்சின் கணவர் ஜான் ஆஃப் கான்ட், அதில் கருப்புடை அணிந்த வீரனாகக் கதைக்குள் இடம்பெறுவதாக அறிஞர் கருதுவர். இரு நூல்களும் புரவலனைப் பாடலுக்குள் அமைக்கின்றன. சாசர் அவன் துயரைக் கதையாக்க, கவிராயர் அவன் பத்தியைப் பல்லவியாக்குகிறார்.

முடிவுரை

ஓரி விளிக்கப்பட்டான், குலசேகரர் தாமே பாடினார், மதவேள் தொடருக்குள் நினைக்கப்பட்டான். எனவே சதகத்தைப் புரவலர் மரபின் தேய்வாகக் கொள்வதினும் அதன் மூன்றாம் நிலையாகக் கொள்வதே பொருந்தும். இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. புறப்பாடலில் தம் பசியையும் உரிமையையும் முன்வைத்த பாணர் சுற்றத்திற்குச் சதகத்தில் இடமில்லை. அவர்தம் இடத்தில் அறவுரை கேட்கும் பொதுமாந்தர் நிற்கின்றனர். சிற்றிலக்கிய ஆய்வு பாட்டுடைத் தலைவனோடு, பாடலினின்று நீங்கிய இவர்களையும் கணக்கிற்கொள்ளுதல் வேண்டும்.