கழுவிய கையும் கிருமியும்

செவிலியர் கல்லூரியில் நுண்ணுயிரியல் தொடக்கப் பாடமாகவே வருகிறது. அதன் ஆய்வுக்கூடப் பயிற்சி ஒன்றை இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

அகர் ஊற்றிய தட்டை இரண்டாகக் கோடிட்டுப் பிரிக்கிறார்கள். (அகர் வேறொன்றுமல்ல, பாலும் சர்க்கரையும் சேர்த்து நம் வீடுகளில் இனிப்பு செய்கிறோமே, அந்தக் கடல்பாசிதான்.) ஒரு பாதியில் கழுவாத விரல்களை ஒற்றுகிறார்கள், மறுபாதியில் சோப்புப் போட்டுக் கழுவிய விரல்களை. 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்தால் புள்ளிபுள்ளியாகக் கிருமிக் கூட்டங்கள் தெரியும். சில வேளை கழுவிய பாதியிலேயே அவை அதிகம்! மாணவியர் திகைக்கிறார்கள். உண்மையில் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. வெளியிலிருந்து வந்து ஒட்டிய கிருமிகள் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். தோலிலேயே குடியிருப்பவை தேய்க்கத் தேய்க்க மேலே வரும். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்கு நம் கை சுமந்து செல்வது பெரும்பாலும் முந்தினவற்றையே. ஆகவே புள்ளிகளை எண்ணினால் போதாது. சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் இனம் பார்க்க வேண்டும்.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில், பிரேதப் பரிசோதனை செய்த கைகளோடு மருத்துவ மாணவர்கள் பிரசவ வார்டுக்குப் போனார்கள். சோப்பால் கழுவியும் கையில் பிண வாடை நின்றது. குளோரின் கரைசலில் கழுவும்படி செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கட்டளையிட்டார். ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 பேர் இறந்த அந்தப் பிரிவில், ஜூனில் இறந்தவர்கள் ஏறக்குறைய 2 பேரே. ஆயினும் மருத்துவர்கள் பலர் அவரை நம்பவில்லை. தட்டில் வளர்த்துக் காட்ட அவரிடம் எதுவும் இருக்கவில்லை.