செட் மெனுவில் ஒரு மீன் விருந்து: பர்ஸ் பத்திரம்!

கல்யாண நாள், பிறந்த நாள் வந்தால், பெரிய சீஃபுட் ரெஸ்டாரன்ட்டுக்கு ஒரு தடவை போய் வரலாமா என்ற பேச்சு வீட்டில் எழும். அங்கே மெனு கார்டைப் பிரித்தாலோ மீனுக்குப் பதில் நமக்குத்தான் மூச்சுத் திணறும்! சூப், ஸ்டார்ட்டர், மெயின், இனிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலையில் தரும் செட் மெனு இருக்கப் பயமேன்? காசுக்கு முழுப் பலன் கிடைக்க இதோ சில குறிப்புகள், தோழிகளே!

1. செட் மெனு பெரும்பாலும் வார நாள் மதியத்தில்தான் கிடைக்கும். சனி, ஞாயிறு இரவில் கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, இன்றைக்கு உண்டா, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. செட் மெனு என்றாலே லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஐட்டங்களைத் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கார்டைப் பார்த்து ஒரு மனக்கணக்குப் போடுங்கள். சூப்பும் இனிப்பும் வேண்டாதவர்களுக்கு ஒரு மீன் வறுவலும் சோறும் தனியாக வாங்குவதே மிச்சம்.

3. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், வரியும் மற்ற கட்டணங்களும் தனி என்று அர்த்தம். சாதாரண ரெஸ்டாரன்ட்டில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஸ்டார் ஓட்டலுக்குள் என்றால் 18 சதவீதம். ஆயிரம் ரூபாய் சாப்பாடு ஓரிடத்தில் 1,050, இன்னோரிடத்தில் 1,180 ஆவது இப்படித்தான்.

4. பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால், வேண்டாம் என்று சிரித்த முகத்தோடு சொல்லி எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கவே இருக்கிறது.

5. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் வஞ்சிரம், வவ்வால் விலை எகிறும். அந்த நாட்களில் செட் மெனுவில் வளர்ப்பு இறாலோ, வளர்ப்புக் கொடுவாவோ இருந்தால் அதையே எடுங்கள். அவை பண்ணையிலிருந்து வருவதால் தடைக்காலம் தொடாது.

6. மெனுவில் வெறுமனே 'ஃபிஷ் ஃபில்லே' என்று போட்டிருந்தால், என்ன மீன் என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். பல இடங்களில் அது பாசா என்ற நன்னீர் மீனாக இருக்கும். கடல் மீன் சாப்பிடத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? இறாலுக்கோ கணவாய்க்கோ மாறிக்கொள்ளுங்கள்.

7. நெத்திலி வறுவலும் மீன் குழம்பும் நம் வீட்டு அடுப்பிலேயே பிரமாதமாக வரும். அதனால் முழு மீன் கிரில், கணவாய், ஓட்டோடு நண்டு என்று வீட்டில் பதம் பிடிபடாததாகத் தேர்ந்தெடுங்கள்.

8. நான்கு பேர் போனால் நால்வரும் ஒரே ஐட்டத்தைச் சொல்லாதீர்கள். ஆளுக்கொரு ஸ்டார்ட்டர், ஆளுக்கொரு மெயின் சொல்லி மேஜை நடுவில் வைத்துப் பகிர்ந்தால் எட்டு ருசி பார்த்த மாதிரி ஆகும்.

9. 'அளவுக்கேற்ற விலை' என்று போட்ட சிங்கி இறால், பெரிய நண்டு பக்கம் ஆசை போனால், சமைக்கும் முன்பே எடை போடச் சொல்லி மொத்த விலையைக் கேட்டுவிடுங்கள். எடை பெரும்பாலும் ஓட்டோடு சேர்த்துத்தான். தட்டுக்கு வரும் சதை அதில் பாதி கூடத் தேறாது.

10. உட்கார்ந்ததுமே பாட்டில் தண்ணீரைத் திறக்க சர்வரின் கை நீளும். 'சாதாத் தண்ணி போதும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓட்டலில் பாட்டில் தண்ணீரை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017-ல் சொல்லிவிட்டதால், அப்புறம் சண்டை போட்டும் பயனில்லை.

11. சின்னப் பிள்ளைக்கு முழு செட் மெனு வாங்குவது வீண். முள் குறைந்த வஞ்சிரம் அல்லது கொடுவாவில் ஒரு ஐட்டத்தைக் காரமில்லாமல் தனியாகச் சொல்லுங்கள். கூட வரும் சோறு, பிரட்டை நம் தட்டிலிருந்தே கொடுத்துவிடலாம்.

12. கூட வரும் மாமியாரோ அத்தையோ சைவமா? டேபிள் புக் செய்யும்போதே சொன்னால் பல இடங்களில் சைவ செட் தயாராக இருக்கும், விலையும் குறையும். மீன் பொரித்த எண்ணெயிலேயே காய்கறியையும் பொரிப்பார்களா என்று கேட்டுவைப்பதும் நல்லது.

13. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் ஆர்டருக்கு முன்பே சொல்லுங்கள். சூப்பில் துண்டு தெரியாவிட்டாலும், அடியில் இறால் தலையோ நண்டு ஓடோ கொதித்த சாறு இருக்கலாம்.

14. நண்டு சாப்பிடப் போகும் நாளில் வெளிர் நிறப் பட்டுப்புடவை வேண்டாம். மசாலா தெறித்தால் டிரை கிளீனிங் செலவு தனி! ஓடு உடைக்கும் கிடுக்கியும், எலுமிச்சை போட்ட வெந்நீர்க் கிண்ணமும் கேட்டால் தருவார்கள். பெரிய இடமாயிற்றே என்று கூச்சப்படாமல் கையாலேயே சாப்பிடுங்கள்.

15. பேங்க் கார்டு, ஆப் தள்ளுபடி எல்லாம் செட் மெனுவுக்குப் பெரும்பாலும் செல்லாது. ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டு, எது மலிவோ அதைப் பிடியுங்கள்.

16. மிச்சமானதைப் பார்சல் கேட்கத் தயக்கமே வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரே தடவை நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அந்தக் கிரேவிக்கு நாலு தோசை வார்த்தால் காலை டிபனும் செலவில்லாமல் முடிந்தது!