ஒரு தொடுதலில் பாடும் நாய்க்குட்டி

மாணவர்களே, தொடர் மின்சுற்றும் இணை மின்சுற்றும் தேர்வுக்கு மட்டுமான பாடம் என்று நினைக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஜொகூர் பாருவில் என்னிடம் அறிவியல் பயிலும் படிவம் 2 மாணவர் ஒருவர், ஒரு நாள் பஞ்சுப் பொம்மை நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பாதத்தை அழுத்தினால் அது தலையாட்டிப் பாடும். அவருடைய ஐந்து வயதுத் தங்கைக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த பொம்மை அது. தங்கைக்குப் பெருமூளை வாதம். விரல்களை மடக்கி அழுத்த அவளால் இயலாது.

"வீட்டில எல்லாரும் அவளுக்காக அழுத்துறோம், டீச்சர். அவளால மட்டும்தான் அழுத்த முடியல," என்றார்.

முதல் முயற்சி ஏன் தோற்றது?

முதலில் எளிய வழியை முயன்றோம். இரண்டு மெல்லிய செப்புத் தகடுகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டை வைத்து ஒட்டினோம். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு கம்பி. அதை மின்கலனுக்கும் அது தொடும் உலோக முனைக்கும் இடையில் செருகினோம். இப்போது மின்னோட்டம் வெளியே வந்து, நாம் பொருத்திய விசையைக் கடந்துதான் பொம்மைக்குத் திரும்ப வேண்டும்.

விசையை அழுத்தினோம். நாய்க்குட்டி பாடவில்லை.

காரணம் எளிது. நம் விசையும் பாதத்திலுள்ள விசையும் தொடர் இணைப்பில் இருந்தன. வெளிக்கதவைத் திறந்தாலும் வாசல் கதவு பூட்டியிருந்தால் வீட்டுக்குள் போக முடியாது அல்லவா? அதுபோல் இரண்டு விசைகளும் ஒரே நேரத்தில் மூடினால்தான் பாட்டு வரும். 'ஆன்' செய்துவிட்டால் தொடர்ந்து ஓடும் பொம்மை ரயில் போன்றவற்றுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். பாதத்தை அழுத்தினால் பாடும் பொம்மைக்குப் பொருந்தாது.

இணை இணைப்பே தீர்வு

வீட்டுக்கு முன்வாசலும் உண்டு, சமையலறை வாசலும் உண்டு என்றால் எது திறந்திருந்தாலும் உள்ளே போகலாம். பாத விசைக்கு இணையாக இன்னொரு விசையைப் பொருத்தினால், எதை அழுத்தினாலும் சுற்று முழுமையடையும். பழைய விசையும் வழக்கம்போல் வேலை செய்யும். இத்தகைய பொம்மையில் ஒலிச் சில்லு ஒருமுறை தூண்டப்பட்டால் பாட்டு முழுவதையும் பாடிவிடும். ஆகவே குழந்தை விசையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டியதில்லை. ஒரு தொடுதல் போதும்.

செய்முறை

1. மின்கலன்களைக் கழற்றுங்கள். பாதத்தின் தையலைப் பிரித்துப் பஞ்சை விலக்கினால், சிறு விசையும் அதிலிருந்து செல்லும் இரண்டு கம்பிகளும் தெரியும்.

2. கம்பிகளை வெட்டாமல், ஒவ்வொன்றிலும் அரை சென்டிமீட்டர் அளவு மேலுறையை மட்டும் நீக்குங்கள்.

3. மின்கலன்களைப் போட்டு, அந்த இரண்டு வெற்று இடங்களையும் ஒரு கம்பித் துண்டால் தொடுங்கள். பாட்டு வந்தால் சரியான கம்பிகள்தான். மீண்டும் மின்கலன்களைக் கழற்றிவிடுங்கள்.

4. 3.5 மில்லிமீட்டர் மோனோ ஜேக்கின் இரு முனைகளிலிருந்தும் கம்பி எடுத்து, அந்த வெற்று இடங்களில் சோல்டரிங் செய்யுங்கள். விசைக்கு நேர், எதிர் முனை வேறுபாடு இல்லை. ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியே காப்பு நாடாவால் சுற்றுங்கள்.

5. கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுப் பொம்மைக்குள் வையுங்கள். யாராவது இழுத்தால் முடிச்சு தாங்கும், சோல்டரிங் விட்டுப்போகாது. ஜேக்கை வெளியே விட்டுத் தையலை மூடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான விசைகள் பலவும் 3.5 மில்லிமீட்டர் செருகியோடுதான் வருகின்றன. அதனால் ஒரே விசையைப் பல பொம்மைகளில் மாற்றி மாற்றிச் செருகலாம். கடையில் அது நூறு ரிங்கிட்டைத் தாண்டும். நாங்கள் இரண்டு தடித்த அட்டைகளில் அலுமினியத் தாள் ஒட்டி, நடுவில் துளையிட்ட பஞ்சுத் தகட்டை வைத்து ஒரு விசை செய்தோம். மேலிருந்து மெல்ல அழுத்தினால் துளை வழியே இரு தாள்களும் தொட்டுக்கொள்ளும். செலவு சில ரிங்கிட்தான்.

கவனம்! மின்கலனில் இயங்கும் பொம்மைகளை மட்டுமே திறக்கலாம். சுவர் மின்சாரத்தில் செருகும் எதையும் தொடாதீர்கள். சோல்டரிங் கருவியின் முனை 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும், ஆர்.பி.டி. பட்டறையில் ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே பயன்படுத்துங்கள். பொத்தான் மின்கலன்களை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அவற்றைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இரண்டாவது அழுத்தம்

முதல் நாள் விசையைத் தங்கையின் கையருகே வைத்தோம். கை தற்செயலாகப் பட்டது. திடீரென எழுந்த பாட்டில் அவள் திடுக்கிட்டு அழுதாள். ஒலிபெருக்கித் துளைகள்மேல் நாடா ஒட்டிச் சத்தத்தைக் குறைத்தோம். அவளுக்குப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் விசையைக் கன்னத்தின் பக்கம் நகர்த்தினார். தலையைத் திருப்புவதுதான் அவளுக்கு உறுதியாக வரும் அசைவு. விசை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் குழந்தையின் உடல்தான் முடிவு செய்கிறது.

தலை திரும்பியது. நாய்க்குட்டி பாடியது. பாட்டு முடிந்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, அவள் பொம்மையைப் பார்த்துக்கொண்டே மீண்டும் தலையைத் திருப்பினாள். முதல் அழுத்தம் தற்செயலாக இருக்கலாம். அடுத்தடுத்து அதையே செய்யும்போதுதான், 'நான் செய்தால் இது நடக்கும்' என்று அவள் கண்டுகொண்டது நமக்குத் தெரிகிறது. அறிவியலில் ஒரு சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதும் இதற்காகத்தானே!

இது விளையாட்டோடு முடிவதில்லை. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்', பேச இயலாதவர்கள் படங்களைத் தேர்ந்தெடுத்துப் பேச உதவும் கருவி. திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிர, வேண்டியது வரும்போது விசையை அழுத்தித் தேர்ந்தெடுக்கும் முறை இத்தகைய கருவிகளில் உண்டு. இன்று பொம்மையைப் பாடவைக்கும் அதே தலையசைவு, நாளை 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று சொல்லவும் உதவலாம்.

நம் நாட்டில் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கியது. ஜொகூரிலும் அதன் மையங்கள் உள்ளன. உங்கள் பகுதி மையத்துக்கு ஆசிரியரோடு சென்று, எந்தக் குழந்தைக்கு எந்த அசைவு எளிது என்று முதலில் கேளுங்கள். பிறகு பொம்மையைத் திறக்கலாம்.

சிந்தித்துப் பாருங்கள்

1. 'ஆன்' செய்தால் தொடர்ந்து சோப்புக் குமிழி விடும் பொம்மைக்குத் தொடர் இணைப்பா, இணை இணைப்பா? ஏன்?

2. இரண்டு குழந்தைகள் சேர்ந்து அழுத்தினால் மட்டுமே பாடும் பொம்மை வேண்டும். விசைகளை எப்படி இணைப்பீர்கள்?