மருந்தடிப்போர் பயிற்சித் தவணை

மருந்தடிக்கிறவர்களுக்கு ஒருமுறை பாடம் நடத்தினால் போதாது. சட்டமும் மாறுகிறது: கிளைபோசேட்டை அரசாங்கம் 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதித்தது.

இணையவழிப் பயிற்சி முறையில் வருடாந்தத் தவணையைக் கம்ப்யூட்டரே கணக்கு வைக்கும். ஆனால், எல்லோருக்கும் ஜனவரி என்று போட்டுவிட்டால், டிசம்பரில் படித்தவர் மறுபடியும் உட்கார வேண்டும். பெப்ரவரியில் புதிதாக டாங்கியைத் தூக்கியவரோ அடுத்த ஜனவரி வரை பாடமில்லாமலே மருந்தடிப்பார். நஞ்சு அதுவரை காத்திருக்குமா? ஆகவே அவரவர் படித்து முடித்த நாளிலிருந்து 12 மாதம் என்று போடும்படி சொல்கிறோம். புதியவர் படித்த பிறகே டாங்கியைத் தொடட்டும்.

நினைவூட்டல் ஈமெயிலில் வரும். நம்ம ஆட்களில் எத்தனை பேருக்கு அது இருக்கு? ஒரு மாதம் முன்பே பெயர்ப்பட்டியலைப் பிரட்டுக்களத்தில் வாசிக்க வேண்டும். கொழுந்து கூடிய மாதத்தில் தவணை விழுந்தால் முன்னுக்கு எடுக்கலாம், பின்னுக்குத் தள்ளக்கூடாது. பயிற்சி நாளுக்கும் பேர் போடச் சொல்லிக் கேளுங்கள்.