ஊட்டிக்குப் போகிறீர்களா?

சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் இதுதான் நடைமுறை. மேட்டுப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறிவிட்டால் அந்தக் கவலை இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநரின் கைவரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரி மாவட்டம் முழுக்கத் தடை. எவர்சில்வர் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். வழியில் குடிநீர் ஏடிஎம்கள் உண்டு.

தங்குவதற்கு, ஊர்க்காரர்களே நடத்தும் வீட்டு விடுதிகளை விசாரியுங்கள். பதிவு பெற்றதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கேரட், பீட்ரூட்டை உழவர் சந்தையில் வாங்கினால் பணம் நேராக விளைவித்தவர் கைக்குப் போகும்.

தோடர் பழங்குடியினரின் பூவேலை சால்வை வாங்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை இது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை, துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போடுகிறார்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அது அச்சடித்தது. கைவேலை என்றால் இரண்டு பக்கமும் நூல் தெரியும். ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். எனவே, "பாதி விலைக்குத் தருவீங்களா?" என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.

தோடர் மந்துக்குப் போனால், கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். அது அவர்கள் குடியிருக்கும் இடம்.